ஐந்து ரூபாய்க் கையெழுத்து

1931 டிசம்பர் 4, லண்டன். இரண்டாவது வட்டமேசை மாநாடு உருப்படியாக எதுவும் ஆகாமல் முடிந்து மூன்று நாள். மறுநாள் காந்தி ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்திற்குள் அவர் கைக்கு ஒரு தாள் வந்தது. பத்திரிகைக்குக் கேலிச்சித்திரமும் புத்தகங்களுக்குப் படமும் போட்டு வந்த ஜோன் ஹென்றி அம்ஷெவிட்ஸ் என்ற ஓவியர் பென்சிலால் தீட்டிய படம் அது. தரையில் உட்கார்ந்து, எதிரில் யார் இருக்கிறார்கள் என்ற கவனமே இல்லாமல், தன் காரியத்தில் மூழ்கிப்போன ஒரு கிழவர். காந்தி அதில் ஆங்கிலத்தில் மூன்றே சொல் எழுதினார்: சத்தியமே கடவுள். கீழே கையொப்பம், திகதி.

அந்தத் தாள் 2017 ஜூலையில் லண்டன் சொத்பீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது. 8,000 பவுணிலிருந்து 12,000 பவுண் வரை போகும் என்று நிறுவனத்தார் கணக்குப் போட்டிருந்தார்கள். போனது 32,500 பவுணுக்கு.

கடவுளுக்கு உருவமும் பெயரும் தேவையில்லை, சத்தியம் ஒன்றே போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்ட ஒருவர், அந்த முடிவைத் தன் உருவத்தின் மேலேயே எழுதிக் கொடுக்கிறார். எழுதியதாலேயே அந்த உருவத்தின் விலை ஏறுகிறது. வாங்கியவர் எதற்குப் பணம் கொடுத்தார்? அம்ஷெவிட்ஸின் கோட்டுக்கா, காந்தியின் முகத்துக்கா, அவர் விரல் பட்ட இடத்துக்கா, அல்லது அந்த மூன்று சொல்லுக்கா? கடைசியாகச் சொன்னதை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அது ஊருக்கே பொது.

ஏலக்கூடத்துக்கு இது வியாபாரக் கேள்வி. ஒரு சைவ வீட்டுச் சுவாமி அறையில் நின்று கேட்டால் இதே கேள்வி வேறு மாதிரித் தொனிக்கும். நுகேகொடையில் ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழையுங்கள். விறாந்தைச் சுவரில் காலமான தாத்தாவின் படம் கொழுவியிருக்கும்; நெற்றியில் சந்தனப் பொட்டு, ஒரு பிளாஸ்ரிக் மாலை, சிறு மின்குமிழ். உள்ளே சுவாமி அறையில் பிள்ளையார், முருகன், லட்சுமி. அவற்றோடு சாயி பாபாவோ இராமகிருஷ்ணரோ இருக்கலாம். தாத்தா படம் அந்த அறைக்குள் போகாது. ஏன் என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்ல வராது. ஆனாலும் அந்த வாசற்படியை அவர் தாண்டமாட்டார். கடவுளின் உருவத்திற்கும் மனிதனின் சாயலுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கோட்டைப் பற்றி அதிகம் யோசித்தவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்தவர்தான். நுகேகொடையிலிருந்து 138 பஸ் ஏறிப் பொதுநூலகத்தடியில் இறங்கினால் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. பழைய ஆட்களுக்கு இன்னும் கிறீன் பாத். நடைபாதை நெடுக ஓவியர்கள் படங்களைக் கம்பி வேலியில் சாத்தி வைத்து விற்கிறார்கள். யானை, பெரஹெரா, கம்பின்மேல் இருந்து மீன் பிடிப்பவர்கள், கண் மூடிய புத்தர், இடையில் எங்காவது ஒரு பிரபலத்தின் முகம். மழை இருட்டினால் எல்லாவற்றின் மேலும் பொலித்தீன் ஏறும். வருடத்துக்கு ஒருமுறை இதே வீதியில் ‘கலா பொல’ என்ற ஓவியச் சந்தையும் கூடுகிறது. 1993இல் தொடங்கியது அது. முகச் சாயலை வரைவதில் ஆன்மிகமாக ஒன்றுமில்லை என்று வாதிட்டவரின் பெயர்ப் பலகைக்குக் கீழே முகச் சாயல்கள் பேரம் பேசப்படுகின்றன. அவருக்கு இது சிரிப்பை மூட்டியிருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமி பிறந்தது 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி. நிலவியல் படித்து, இலங்கையின் கனிம அளவைத் துறைக்குப் பொறுப்பாக வந்து, கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக அலைந்தபோது கலையில் போய் விழுந்தவர். 1917க்குப் பிறகு பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வாழ்நாள் கழிந்தது. மரபில் உருவப்படம் என்றால் என்ன என்பதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் சுக்கிரநீதியைத் துணைக்கு அழைக்கிறார். தேவர் உருவம் கோணலாக அமைந்தாலும் நன்மை தரும், மானிடர் உருவம் எவ்வளவு அழகாக வாய்த்தாலும் நன்மை தராது என்பது அந்த நூலின் கட்சி. சுக்கிரநீதியின் காலம் பற்றி அறிஞரிடையே பெரிய சர்ச்சை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது என்பாரும் இருக்கிறார்கள். காலம் எதுவானாலும் கருத்து புதிதில்லை. ஒருவர் எப்படித் தெரிந்தார் என்பதைப் பிடிப்பது ஒரு வேலை, அவர் எதுவாக இருந்தார் என்பதைக் காட்டுவது வேறொரு வேலை என்பதே குமாரசுவாமி பிடித்துக்கொண்ட இழை. முன்னது உடம்போடு போய்விடும் என்று அவர் கருதினார்.

வடமொழி நாடகாசிரியர் பாசனின் ‘பிரதிமா நாடகம்’ இந்த இடத்தில் நினைவுக்கு வரும். கேரளத்து ஓலைச்சுவடிகளிலிருந்து கணபதி சாஸ்திரி வெளிக்கொணர்ந்த நாடகங்களில் ஒன்று அது. மாமன் வீட்டிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் பரதன் ஊர் எல்லையில் ஒரு சிலை மண்டபத்தைக் காண்கிறான். கோயில் என்று நினைத்துக் கும்பிடப் போகும்போது காவலன் தடுக்கிறான்: இவை தெய்வங்களில்லை, உங்கள் குல மன்னர்கள். திலீபன், ரகு, அஜன் என்று வரிசை போகிறது. நாலாவதாக நிற்கும் உருவத்தைப் பார்த்ததும் பரதனுக்கு நாக்குக் குழறுகிறது. உயிரோடு இருப்பவர்களுக்கும் சிலை வைப்பதுண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறான். இல்லை, இறந்தவர்களுக்கு மட்டுந்தான் என்று பதில் வருகிறது. தந்தை போய்விட்டார் என்ற செய்தியை அவனுக்குச் சொன்னது ஒரு கல். சாயலுக்கு அங்கே ஒரே அர்த்தம்: ஆள் இல்லை.

கிரேக்க மரபிலும் இதற்கு ஒரு சோடி உண்டு. தத்துவஞானி புளொட்டினஸ் தன்னை வரைய விடமாட்டார். இயற்கை போர்த்திவிட்ட இந்த உருவமே ஒரு நிழல், நிழலுக்கு இன்னொரு நிழல் வேறு வேண்டுமா என்பது அவர் கட்சி. மாணவர் ஒருவர் விடவில்லை. ஓவியர் ஒருவரைப் பாடம் கேட்க வருபவர் போலக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அந்த ஓவியர் பார்த்துப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டதை வைத்துப் பிறகு வரைந்தார். புளொட்டினஸின் சரிதத்தை அவருடைய மாணவர் போர்பிரி இந்தச் சம்பவத்தோடுதான் ஆரம்பிக்கிறார். குருவின் தத்துவத்தைச் சொல்ல வந்தவர், குருவின் பேச்சைக் கேளாமல் எடுத்த படத்தைச் சொல்லித் தொடங்குகிறார் பாருங்கள்.

புத்தரின் கதை இன்னும் நயமானது. திவ்யாவதானம் என்ற பௌத்த நூலில் வருவது. உருத்திராயணன் என்ற அரசனுக்குப் பரிசாகப் புத்தரின் படத்தை அனுப்ப விரும்புகிறான் பிம்பிசாரன். ஓவியர்கள் வந்து அமர்கிறார்கள். ஒருவராலும் வரைய முடியவில்லை, பார்த்த கண்ணை எடுத்தால்தானே கை ஓடும்! கடைசியில் புத்தரே துணியின்மேல் தன் சாயை விழச் செய்கிறார். ஓவியர்கள் அதற்குள் வண்ணம் நிரப்புகிறார்கள். அடியில் தர்மத்தின் சாரம் எழுதப்படுகிறது. முகத்துக்குக் கீழே உபதேசம். 1931இல் காந்தி செய்ததும் ஏறக்குறைய இதுவே, அவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்ததோ என்னவோ.

இலங்கையில் உருவத்தைப் பற்றிய இந்த எச்சரிக்கை இன்றுவரை சடங்காகவே உயிரோடிருக்கிறது. விகாரையில் புதுப் புத்தர் சிலைக்குக் கடைசியாகக் கண் எழுதுவார்கள், நேத்திர மங்கல்யம். எழுதுபவர் சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே தூரிகையை ஓட்டுவார். தன் வேலையைத் தானே பார்க்க அஞ்சும் ஓவியன்! குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இதை விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். கண் எழுதும் வரை அது சிற்பியின் சரக்கு. எழுதிய பின் அவனும் ஓர் அடியான்.

சரக்காகவே பிறந்து சரக்காகவே தொடர்ந்த ஒரு முகத்தையும் பார்த்துவிடலாம். 1984இல் ‘வனிட்டி ஃபெயார்’ சஞ்சிகை பாடகர் பிரின்ஸ் பற்றிய கட்டுரைக்கு ஒரு படம் வேண்டுமென்று அண்டி வோர்ஹோலைக் கேட்டது. ஆதாரமாகக் கொடுக்கப்பட்டது லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த புகைப்படம். ஒருமுறை பயன்படுத்த 400 டொலர். வோர்ஹோல் ஒன்றோடு நிற்கவில்லை. 16 படங்கள் செய்தார். சஞ்சிகையில் ஊதா நிறத்தில் ஒன்று வந்தது. பதினாறும் அவர் காலத்துக்குப் பிறகு அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் போயின. அது 12 படங்களைக் கைமாற்றி, நான்கைப் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் விட்டது. 2016 ஏப்ரலில் பிரின்ஸ் இறந்தார். உடனே ஒரு சிறப்பு மலர் வந்தது, அட்டையில் செம்மஞ்சள் பிரின்ஸ். அறக்கட்டளைக்குச் சுமார் 10,000 டொலர் கிடைத்தது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு சதம்கூட இல்லை. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை ஏறி, 2023 மே 18இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் புகைப்படக்காரர் பக்கம் முடிந்தது.

சட்டத்தை விட்டுவிட்டு மதத்தைப் பார்த்தால் இந்த வழக்கு வேறு ஒன்று. வோர்ஹோல் பிட்ஸ்பர்க்கில் ஒரு பைசாந்தியக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. புனிதர்களின் திருவோவியங்கள் வரிசையாக நிரம்பிய சுவரைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டவர். பொன் பின்புலத்தில் மர்லின் மன்றோவின் முகத்தைப் பதித்தபோது அவர் கை எங்கே பழகியது என்பது தெரியத்தான் செய்கிறது. பிரின்ஸோ பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் சபையில் சேர்ந்தவர். வழிபாட்டில் உருவமே ஆகாது என்பது அந்தச் சபையின் கொள்கை. 1993இல் பெயரைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, உச்சரிக்க முடியாத ஒரு குறியாகத் தன்னை அறிவித்தவர் அவர். உருவத்துக்குள் பிறந்தவர், உருவத்தை உதறப் போகிறவரின் முகத்தைத் திருவோவியமாக்கினார். பிறகு அறக்கட்டளையும் புகைப்படக்காரரும் இரு தரப்பாக அந்த முகத்துக்காக நீதிமன்றம் ஏறினர். முகத்துக்குச் சொந்தக்காரர் எந்தத் தரப்பிலும் இல்லை.

நம் பக்கத்து வழக்கு ஒன்று இதற்கு நேர்மாறாகப் போனது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியில் அகப்பட்ட நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1982இல் ஒரு கனேடிய நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது. லண்டன் பொலிஸ் கைப்பற்ற, வழக்கு மூண்டது. இடிந்துபோய்க் கிடந்த பத்தூர்க் கோயிலே சட்டத்தின் முன் ஓர் ஆள் என்று ஏற்கப்பட்டு, தன் உருவத்தைத் திருப்பிக் கேட்டது; கேட்டதைப் பெற்றது. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து, நடராஜர் ஊர் திரும்பினார். ஆங்கிலேய நீதிபதிகள் சைவர்கள் ஆகிவிடவில்லை. ஓர் உருவத்துக்கு உரிமையாளர் என்பதற்கு மேலே இன்னொரு உறவு இருக்கலாம் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த உறவின் பெயர் என்ன? சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரத்தோடு முடிகிறது. பந்தம் அறுத்து முதிர்ந்தவனுக்குக்கூட இரண்டு வேலை மிச்சம் வைக்கிறது அந்தச் சூத்திரம்: அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு வணங்க வேண்டும். எல்லாம் கடந்தவனுக்கு எதற்கு வேடமும் கட்டடமும் என்று கேட்கலாம். மெய்ப்பொருள் நாயனாரின் சரித்திரத்தில் அதற்குப் பதில் ரத்தத்தோடு இருக்கிறது. திருக்கோவலூர் மன்னரான அவரிடம் பகைவன் முத்தநாதன் திருநீறும் சடையுமாக வேடம் பூண்டு வருகிறான். கையிலிருந்த சுவடிக்குள் கத்தி. அவன் குத்திய பிறகும் அவர் சொன்னது அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடும்படிதான். வேடம் பொய்யென்று தெரிந்துவிட்ட பிறகும் வேடத்துக்குச் செய்ய வேண்டியதை அவர் நிறுத்தவில்லை.

கவனித்தால் இங்கே உருவத்தின் பெருமை உருவத்தில் இல்லை. கும்பிடுபவன் தலையில் அது ஏற்றிவைக்கும் கடமையில் இருக்கிறது. பிரதிட்டை செய்த மூர்த்தியை நீராட்ட வேண்டும், உடுத்த வேண்டும், நைவேத்தியம் படைக்க வேண்டும், இரவில் பள்ளியறைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வேளை தவறினால் பிராயச்சித்தம். அங்கம் பின்னப்பட்டால் அதற்கும் விதி. கண்ணாடி உடைந்த முருகன் படத்தைக்கூடக் குப்பை வண்டிக்குக் கொடுக்க வெள்ளவத்தையில் யாருக்கும் கை வராது. கோயில் மரத்தடியில் சாத்திவிட்டு வருவார்கள், அல்லது கடலில் விடுவார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கண்ணாடிப் பேழையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவருக்கும் செவ்வாய்க்கிழமை என்று ஒரு கணக்கு உண்டு, ஒரு நேர்த்தி உண்டு. உருவத்துக்குச் செய்யும் மரியாதை மூலவருக்கே போகிறது என்று 787இல் நிக்கேயாவில் கூடிய திருச்சபைப் பேரவை தீர்த்துச் சொன்னதும் இந்த வகை உறவைக் காப்பாற்றத்தான்.

ஏலத்தில் வாங்கியவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சுத்தியல் விழுந்து, காசோலை மாறினால் கணக்குத் தீர்ந்தது. அவர் அதைச் சுவரில் மாட்டலாம், இரும்புப் பெட்டியில் பூட்டலாம், விலை ஏறினால் விற்கலாம். பக்தியின் சூடு அத்தனையும் அங்கே இருக்கிறது, கூடம் நிறைந்த பரபரப்பு, கைகள் உயர்வது, ஒரு நொடி மௌனம். நைவேத்தியம் மட்டும் இல்லை. 2025 மே மாதம் சொத்பீஸ் ஹொங்கொங்கில் பிப்ரவாவின் மணிகளை ஏலம் போடப் புறப்பட்டபோது பௌத்த உலகம் கொதித்ததும் இதனால்தான். 1898இல் பெப்பே என்ற ஆங்கிலேய நிலக்காரர் தோண்டியெடுத்த தூபியில் புத்தரின் எலும்புத் துகள்களோடு கிடந்த மணிகள் அவை. காணிக்கையாக வைக்கப்பட்டதை விற்க முடியுமா? இந்திய அரசு தலையிட்டது, ஏலம் நின்றது, ஜூலை இறுதியில் மணிகள் இந்தியா வந்தன. வந்த வழியில் ஒரு சங்கடம் இருக்கிறது, கோத்ரெஜ் குழுமத்தவர் ஒருவர் விலை கொடுத்துத்தான் மீட்டார். விற்கக் கூடாதது என்பதை நிலைநாட்டவும் விலைதான் தேவைப்பட்டது.

ஈழத்து வழக்கம் ஒன்றை இந்த இடத்தில் எடுத்துப் போடாவிட்டால் கணக்கு நேராகாது. வீட்டில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு நூல் அச்சிடுவார்கள். கல்வெட்டு என்பது பழைய பெயர், நினைவு மலர் என்பது இப்போதைய பெயர். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே திதி வெண்பா, வம்சவரலாறு, தேவாரம், பேரப்பிள்ளைகளின் அஞ்சலி. கொட்டாஞ்சேனை அச்சகக்காரர்களைக் கேட்டால் தெரியும், அந்த அட்டைப் படத்துக்காக வீட்டார் படும் பாடு. தேசிய அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்குவார்கள், கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுப்பார்கள், கோட்டும் சூட்டும் ஏற்றுவார்கள். அந்த நூலுக்கு விலை கிடையாது. வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் சாப்பாட்டோடு கொடுக்கப்படும். வாங்கியவர் வீட்டில் அது வருடக்கணக்காகக் கிடக்கும், எறிய மனம் வராது. ஒரு முகம், அச்சில், யாராலும் விற்க முடியாதபடி.

டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ இதற்கு ஓர் அண்ணன் முறை. 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னாளில் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்த அந்தச் சஞ்சிகை, சினிமா நட்சத்திரங்களுக்குரிய இடமான அட்டையை எழுத்தாளனுக்கும் கலைஞனுக்கும் கொடுத்தது. ஆசிரியர் சிலவேளை சஞ்சிகையைத் தோளில் சுமந்து வீதி வீதியாக விற்றார். அட்டை முகங்களைப் பற்றிய கட்டுரைகள் நூலாகவும் சேர்ந்தன. இங்கே பிரபலம் முதலில் வரவில்லை, முகத்தை அட்டையில் போட்ட பிறகுதான் ஊர் அவரைத் தேடியது.

காந்தி இதில் எங்கே நிற்கிறார்? தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்ட துறவி என்று சொல்லிவிட்டால் எளிது, ஆனால் அது சரியில்லை. லண்டனில் அந்த மூன்று மாதத்தில் அம்ஷெவிட்ஸ் வரைந்தார், கிளேர் லெய்ட்டன் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார், ஜோ டேவிட்சன் களிமண்ணில் தலை வடித்தார். யாரையும் அவர் துரத்தவில்லை. உங்களுக்காக உட்காரமாட்டேன், என் வேலையைச் செய்துகொண்டிருப்பேன், நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்பதே உடன்படிக்கை. பிற்காலத்தில் உறவுப் பையன் கனு காந்தி புகைப்படம் எடுக்க அனுமதி கேட்டபோது மூன்று நிபந்தனை போட்டார்: மின்வெளிச்சம் கூடாது, இப்படி நில் அப்படி நில் என்று கேட்கக் கூடாது, ஆச்சிரமம் பணம் தராது. 1946இல் ‘லைஃப்’ சஞ்சிகைக்காக மார்கரெட் பூர்க்-வைட் வந்தபோது, முதலில் இராட்டையில் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் நிறுத்திவிட்டார். அந்த அம்மாவும் உட்கார்ந்து நூற்றார். அதன் பிறகே உள்ளே விட்டார்கள். இராட்டைக்குப் பின்னால் காந்தி அமர்ந்திருக்கும், உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம் அப்படிக் கிடைத்ததுதான்.

விலை விஷயத்திலும் காந்தி செட்டியார்தான், குஜராத்து வணிகர் குலம் வேறு எப்படி இருக்கும்! கையெழுத்துக் கேட்டால் ஐந்து ரூபாய், ஹரிஜன நிதிக்கு. யாருக்கும் சலுகை இல்லை. 1933-34 ஹரிஜன யாத்திரையில் வரவேற்புப் பத்திரம், வெள்ளிப் பேழை, பரிசுப் பொருள் என்று என்ன கொடுத்தாலும் அதே மேடையில் ஏலம் போட்டுவிடுவார். 1934 ஜனவரியில் கேரளத்து வடகரையில் கௌமுதி என்ற சிறுமி வளையலையும் சங்கிலியையும் கழற்றித் தந்தபோது, இனி நகை அணியமாட்டேன் என்ற உறுதியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்ததும் வசூலுக்குத்தான், கதருக்காக. கொழும்பு விவேகானந்த சபையில் பேசினார், மாளிகாகந்தையின் வித்தியோதயப் பிரிவேனாவில் பிக்குகளைச் சந்தித்தார், யாழ்ப்பாணம் வரை போனார், எங்கும் பணமுடிப்பு. 

ஐந்து ரூபாய்க் கையெழுத்தும் விலைதான். ஆனால் அந்தக் காசு கைமாறியதோடு கதை முடியவில்லை, ஒரு கிணற்றுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போயாக வேண்டும். கோயில் உருவம் சுமத்தும் கடமையைக் காந்தி தன் மையொற்றின்மேல் ஏற்றிவைத்தார். ஆராதிக்க வருகிறாயா, வா, நூற்றுவிட்டு வா, கொடுத்துவிட்டு வா. தனக்கே கோயில் கட்டி உருவம் வைத்துப் பூசை நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது அதைக் கடிந்து எழுதவும் செய்தார். கடமையை எடுத்துவிட்டு ஆராதனையை மட்டும் வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

அவர் போன பிறகு நடந்தது தெரிந்த கதை. 2009இல் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், கிண்ணம், தட்டு எல்லாம் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தன. 18 லட்சம் டொலருக்கு எடுத்தவர் மதுபான வியாபாரி விஜய் மல்லையா. காந்தி சுடப்பட்ட இடத்தின் மண்ணும் புல்லும் 2012இல் இங்கிலாந்தில் 10,000 பவுணுக்குப் போயின, ரத்தம் பட்டவை என்று. 2020இல் இன்னொரு கண்ணாடி 2,60,000 பவுண். 2025 ஜூலையில் லெய்ட்டனின் எண்ணெய் ஓவியம் பொன்ஹம்ஸ் ஏல நிறுவனத்தில் 1,52,800 பவுணுக்கு விலைபோனது, மதிப்பிட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஓவியத்தை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்துத் தீவிரர் ஒருவர் கத்தியால் கிழித்தார் என்று லெய்ட்டனின் குடும்பம் சொல்லிவந்திருக்கிறது; 1974இல் செப்பனிடப்பட்டது. கத்தி எடுத்தவனும் உருவத்தை ஆளாகவே நம்பியவன். முத்தநாதனின் வம்சம்.

அம்ஷெவிட்ஸின் தாளில் கையொப்பமிட்ட மறுநாள் காந்தி லண்டனை விட்டார். சுவிற்சர்லாந்தில் எழுத்தாளர் ரொமேன் ரோலண்டின் விருந்தினர். டிசம்பர் 8ஆம் திகதி லோசான் நகரில் ஒரு கூட்டத்தில் அவரைக் கேட்டார்கள், ஏன் சத்தியத்தைக் கடவுள் என்கிறீர்கள் என்று. கடவுள் என்று சொன்னால் மறுக்க ஆள் உண்டு, சத்தியத்தை மறுக்க நாத்திகனுக்கும் வாய் வராது என்ற போக்கில் அவர் விளக்கினார். படத்தின் அடியில் எழுதிக் கொடுத்த மூன்று சொல்லுக்கு நாலாம் நாள் உரை.

அங்கிருந்து ரோம். போப்பாண்டவர் அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். வத்திக்கானைச் சுற்றிக் காட்டினார்கள். சிஸ்ரீன் சிற்றாலயத்தில் உலகம் அண்ணாந்து பார்க்கும் மைக்கலாஞ்சலோவின் கூரை இருக்கிறது. காந்தியின் கண் பீடத்தில் இருந்த சிலுவை உருவத்தில் போய் நின்றது. ஆணி அடித்த மனிதன், இடுப்பில் ஒரு முழத் துணி. அதைச் சுற்றி வந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். அங்கிருந்து நகர மனம் வரவில்லை. கண்ணீர் வந்துவிட்டது என்று பிறகு அவரே சொன்னார்.